மேடை, நேரலை நிகழ்ச்சி, டிஜிட்டல் அரங்கு: கல்லூரியில் வடிவமைப்பு படிக்க முழுமையான வழிகாட்டி

காட்சியின் முடிவில் ஒரு பெண் தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். விளக்கு 3 வினாடியில் அணைந்தால் காட்சி முடிந்தது, அவ்வளவுதான். அதே விளக்கு 20 வினாடி எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல அணைந்தால், அவள் இன்னும் வெகுநேரம் அங்கேயே இருக்கப்போகிறாள் என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிடுகிறது. நடிகை புதிதாக ஒன்றும் செய்யவில்லை. வசனமும் இல்லை. மாறியது நேரம் மட்டும்தான்.

இந்தப் படிப்பைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். வரையத் தெரிய வேண்டும், வெட்டி ஒட்டத் தெரிய வேண்டும், கணினியும் கொஞ்சம் வர வேண்டும். எல்லாம் சரி. ஆனால் நீங்கள் வடிவமைக்கப்போவது சுவரில் மாட்டும் படத்தை அல்ல, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறிக்கொண்டிருக்கும் ஒன்றை. நாடகம், இசை நிகழ்ச்சி, கேமராவும் கணினியும் சேர்ந்து நடத்தும் டிஜிட்டல் நிகழ்த்துகலை ஆகிய மூன்றையும் ஒரே பட்டப்படிப்பில் சேர்த்துச் சொல்லித் தர முடிவதும் அதனால்தான்.

படி 1: என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதில் ஐந்து பெரிய பிரிவுகள்: அரங்க அமைப்பு, உடை, ஒளி, ஒலி, வீடியோ. பல கல்லூரிகளில் முதல் ஆண்டில் எல்லாவற்றையும் தொட வைத்துவிட்டு, பிறகுதான் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். எனவே சேரும் முன்பே "நான் செட் மட்டும்தான்" என்று முடிவு கட்டிக்கொண்டு போகாதீர்கள். செட் செய்ய வந்து ஒளியில் நின்றுவிட்டவர்கள் நிறைய பேர்.

மேடை நிர்வாகமும் தொழில்நுட்ப இயக்கமும் பக்கத்து வீடுகள் மாதிரி. அவை தனிப் படிப்புகள். ஆனால் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாத வடிவமைப்பாளரின் வரைபடம் காகிதத்தை விட்டு இறங்காது.

படி 2: சேரும் முன் கண்ணைப் பழக்குங்கள்

தினமும் ஒரு இடத்தை 10 நிமிடம் பாருங்கள். பேருந்து நிறுத்தம், மருத்துவமனைக் காத்திருப்பு அறை, வீட்டு மாடிப்படி, எதுவாகவும் இருக்கலாம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, உள்ளே வருபவர் முதலில் எங்கே நிற்கிறார், எந்த இருக்கையை யாரும் எடுப்பதில்லை, இதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதுங்கள், வரையுங்கள். வரைதல் அழகாக இருக்க வேண்டியதில்லை. அளவு சரியாக இருக்கட்டும். ஒரு மனிதருக்குப் பக்கத்தில் அந்தக் கதவு எவ்வளவு உயரம் என்று உங்கள் கோடு சொன்னால் போதும்.

சேர்க்கைக்குப் பெரும்பாலும் போர்ட்ஃபோலியோ, அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு, கேட்பார்கள். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். முடிந்த, மெருகேறிய படங்களை மட்டும் அடுக்கிக் கொண்டு போகிறார்கள். நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர் பார்க்க விரும்புவது நீங்கள் யோசித்த விதத்தை. ஒரே யோசனையின் முதல் கிறுக்கல், கைவிட்ட வடிவம், அட்டையில் செய்து பார்த்தது, கடைசியில் வந்தது, இந்த வரிசையில் நாலைந்து வேலைகள் இருந்தால் அதுவே கனமான போர்ட்ஃபோலியோ. மேடைக்காகவே செய்திருக்க வேண்டும் என்றும் இல்லை. பள்ளி விழாவுக்குக் கட்டிய வளைவு, தைத்த சட்டை, எடுத்த குறும்படம், மரவேலை எல்லாமே செல்லும்.

படி 3: கல்லூரியிடம் கேட்க வேண்டியவை

கட்டடத்தின் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நேரில் போய்க் கேளுங்கள்: படிப்பு முடிவதற்குள் ஒரு மாணவருக்கு எத்தனை தயாரிப்புகளில் உண்மையாகவே வடிவமைக்க வாய்ப்பு வரும்? வகுப்புப் பயிற்சியாக மாடல் செய்வது வேறு. கட்டி, ஒளியூட்டி, ஆட்கள் வந்து பார்ப்பது வேறு. இயக்கமும் நடிப்பும் படிக்கும் மாணவர்கள் அதே வளாகத்தில் இருக்கிறார்களா? மரப்பட்டறை மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? அங்கே இயந்திரம் பழக்க ஒருவர் இருப்பாரா? ப்ரொஜெக்டரை மாணவர்கள் கையால் தொட விடுவார்களா, அல்லது அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்களா?

அப்புறம், படித்துக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, "போன பருவத்தில் என்ன செய்தாய், காட்டு" என்று கேளுங்கள். ஒரு மாலை நேரப் பேச்சில் கையேட்டில் இல்லாததெல்லாம் தெரிந்துவிடும்.

படி 4: கொஞ்சம் வரலாறு, வேலைக்கு உதவுகிற அளவுக்கு

மூன்று பேரைத் தெரிந்துகொண்டு தொடங்கலாம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அடால்ஃப் ஆப்பியா (1862–1928), வரைந்து தொங்கவிட்ட திரைகளுக்கு முன்னால் உயிருள்ள மனிதர் நிற்பது பொய்யாகத் தெரிகிறது என்றார். படிகளும் மேடைத் தளங்களும் ஒளியும் போதும் என்று வாதாடினார். இங்கிலாந்தின் எட்வர்ட் கார்டன் க்ரெய்க் (1872–1966) நகரும் திரைத்தட்டிகளால் இடத்தையே மாற்றிக் காட்ட முயன்றார். செக் நாட்டின் யோசஃப் ஸ்வோபோதா (1920–2002), 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் லாதெர்னா மாகிகா என்ற நிகழ்ச்சியில் திரைப்படத்தையும் மேடையில் நிற்கும் கலைஞர்களையும் சேர்த்து இயங்க வைத்தார். டிஜிட்டல் நிகழ்த்துகலை நேற்று முளைத்தது என்று நினைப்பவர்களுக்கு அந்த ஆண்டு ஒரு நல்ல பதில்.

1967 முதல் பிராக் நகரில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மேடை வடிவமைப்புக்கென்றே ப்ராக் க்வாட்ரெனியல் நடக்கிறது. அதில் மாணவர் பிரிவும் உண்டு. அங்கே வைக்கப்பட்ட வேலைகளின் படங்களைத் தேடிப் பாருங்கள். உங்கள் வயதுக்காரர்கள் எதையெல்லாம் கேள்வி கேட்கிறார்கள் என்று தெரியும்.

படி 5: பிரதியைப் படிப்பதும் மாடல் செய்வதும்

முதல் ஆண்டின் உயிர் இதுதான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நாடகப் பிரதியை மூன்று முறை படியுங்கள். முதல் முறை கையில் பென்சில் கூடாது. பார்வையாளரைப் போலச் சும்மா படியுங்கள். எங்கே வயிறு கலங்கியது, எங்கே சலித்தது என்பது மட்டும் நினைவில் நிற்கட்டும். இந்த முதல் வாசிப்பு ஒருமுறைதான் கிடைக்கும். இரண்டாம் முறை உண்மைகளைப் பொறுக்குங்கள்: எந்த இடம், எந்த நேரம், யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார், யார் கையில் என்ன இருக்கிறது, மழை பெய்வதாக யாராவது சொல்கிறார்களா. மூன்றாம் முறை மாற்றங்களைக் குறியுங்கள். ஒரு நாடகம் எந்த வரியில் திரும்புகிறதோ அந்த வரியில்தான் உங்கள் வேலை இருக்கிறது.

பிறகு ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். மேலே காட்சிகள், பக்கவாட்டில் பாத்திரங்கள். யார் எந்தக் காட்சியில் இருக்கிறார் என்று நிரப்புங்கள். மூன்றாம் காட்சியில் கடைசியாக வெளியேறும் நடிகர் நான்காம் காட்சியில் முதல் ஆளாக வேறு உடையில் வர வேண்டும் என்பது உடனே கண்ணில் படும். உடை வடிவமைப்பவருக்கு அந்தக் கட்டம் ஒரு நாளைய தலைவலியை மிச்சப்படுத்தும்.

இனி மாடல். பெரும்பாலான இடங்களில் 1:25 அளவில் செய்வார்கள். அதாவது 1 மீட்டர் என்பது மாடலில் 4 செ.மீ. முதலில் அரங்கத்தையே கறுப்பு அட்டையில் பெட்டியாகச் செய்யுங்கள்: சுவர்கள், மேடை விளிம்பு, நுழைவாயில்கள். அடுத்துச் செய்ய வேண்டியது செட் இல்லை, மனிதர். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவர் மாடலில் 6.6 செ.மீ. அந்தச் சின்ன உருவத்தை வெள்ளை அட்டையில் வெட்டி நடுமேடையில் நிறுத்துங்கள். கொஞ்ச நேரம் அப்படியே பாருங்கள். வெற்று மேடையில் அவர் எவ்வளவு சிறியவர் என்பது அப்போதுதான் உறைக்கும். பிறகு நீங்கள் வைக்கும் ஒவ்வொன்றும் அவருக்குப் பக்கத்தில்தான் பெரிதாகவோ சிறிதாகவோ ஆகிறது. நாற்காலியின் இருக்கை 45 செ.மீ. உயரம் என்றால் மாடலில் 1.8 செ.மீ. படி ஒன்று 18 செ.மீ. என்றால் 7.2 மி.மீ. அரை மில்லிமீட்டர் பிசகினால் உண்மையில் ஒன்றேகால் செ.மீ. பிசகும்.

முதல் மாடலுக்கு வண்ணம் பூசாதீர்கள். வெள்ளை அட்டையிலேயே இருக்கட்டும். வண்ணம் பூசியதை வெட்டி எறிய மனம் வராது. வெள்ளை அட்டையை ஒரு நாளில் பத்து முறை மாற்றலாம்.

நான் இரண்டாம் ஆண்டில் ஒரு வீட்டின் உட்புறத்தை மாடலாகச் செய்தேன். நோயாளி படுத்திருக்கும் கட்டில் ஒன்று, அதற்கு முன்னால் திறந்து நிற்கும் கதவு ஒன்று. நடுவிலிருந்து பார்த்தால் நன்றாக இருந்தது. ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் தன் கைபேசியை எடுத்து, இரண்டாம் வரிசையின் இடது ஓர இருக்கை எங்கே வருமோ அந்த இடத்தில், உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில் வைத்துப் படமெடுத்துக் காட்டினார். கதவு கட்டிலை முழுக்க மறைத்திருந்தது. நாடகத்தின் கடைசிப் பத்து நிமிடமும் அந்தக் கட்டிலில்தான் நடக்கிறது. கதவை மாடலில் 2.4 செ.மீ. நகர்த்தினோம், உண்மையில் 60 செ.மீ. சரியாகிவிட்டது. அன்று முதல் எந்த மாடலையும் நான் முதலில் மோசமான இருக்கையிலிருந்துதான் பார்க்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மாடல் முடிந்ததும் காட்சிக்கு ஒரு படம் எடுத்து வரிசையாக ஒட்டுங்கள். அதுதான் ஸ்டோரிபோர்டு. வேகமாக ஒரு ஓட்டம் பாருங்கள். எல்லாப் படமும் ஒரே மாதிரி இருந்தால், உங்கள் வடிவமைப்பு இன்னும் நகரத் தொடங்கவில்லை.

வரைபடங்களும் தேவை: மேலிருந்து பார்க்கும் தரைப்படம், பக்கவாட்டில் வெட்டிப் பார்க்கும் செக்ஷன். ஆட்டோகேட், வெக்டர்வொர்க்ஸ் என்ற வரைபட மென்பொருள்கள் இரண்டில் ஒன்றைக் கல்லூரியே கற்றுத் தரும். அதற்கு முன் ஒரு பருவமாவது கையால், அளவுகோல் வைத்து வரைந்து பழகுங்கள்.

படி 6: ஒளி

இருட்டறையில் நண்பர் ஒருவரை உட்கார வைத்து டார்ச் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நேர் முன்னாலிருந்து அடியுங்கள்: முகம் தட்டையாகிறது. பக்கவாட்டில்: எலும்பு தெரிகிறது, உடல் சிற்பம் போல் எழுகிறது. அதனால்தான் நடனத்துக்குப் பக்கவிளக்கு. தலைக்கு மேலிருந்து: கண்கள் குழிக்குள் போகின்றன, ஆள் தனிமைப்படுகிறார். பின்னாலிருந்து: விளிம்பு மட்டும் மின்னுகிறது, பின்னணியிலிருந்து பிரிந்து வருகிறார். கீழிருந்து: தெரிந்த முகமே அந்நியமாகிறது. அரை மணி நேரம் போதும். ஒளியமைப்பின் பாதி இலக்கணம் அதிலேயே இருக்கிறது.

1932-இல் அமெரிக்க ஒளியமைப்பாளர் ஸ்டான்லி மெக்கான்லெஸ் முறையாக எழுதி வைத்தது இன்றும் முதல் பாடம்: மேடையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமிருந்தும் 45 பாகை கோணத்தில், 45 பாகை உயரத்திலிருந்து இரண்டு விளக்குகள், ஒன்று வெதுவெதுப்பான நிறம், மற்றது குளிர்ந்த நிறம். இதை அப்படியே பின்பற்ற வேண்டும் என்பதில்லை. இதைத் தெரிந்துகொண்டு மீறுவதுதான் பாடம்.

எண்களும் கொஞ்சம் வேண்டும். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளக்கிறார்கள். பழைய இழை விளக்கு ஏறக்குறைய 3200 கெல்வின், பகல் வெளிச்சம் 5600. இரண்டும் ஒரே மேடையில் கலந்தால் ஒன்று மஞ்சளாகவும் மற்றது நீலமாகவும் தெரியும். விளக்குகளைக் கட்டுப்படுத்தும் டிஎம்எக்ஸ் 512 என்ற நெறிமுறை 1986-இல் வந்தது. ஒரு இணைப்பில் 512 சேனல்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை மதிப்பு. நான்கு சேனல் எடுக்கும் எல்இடி விளக்குகளை ஒரு இணைப்பில் 128 வரை முகவரியிடலாம் என்று கணக்குப் போடத் தெரிந்துவிட்டால், விளக்குகளை இயக்கும் கன்சோலைக் கண்டு பயம் போய்விடும்.

படி 7: உடையும் ஒலியும், சுருக்கமாக

உடை வரையும்போது துணித்துண்டையும் சேர்த்து ஒட்டுங்கள். வரைந்த துணி விழும் விதமும் வாங்கிய துணி விழும் விதமும் ஒன்றில்லை. நடிகர் உட்காருவாரா, விழுவாரா, மைக் பெட்டியை எங்கே செருகுவது என்பதையெல்லாம் அளவெடுக்கும் அன்றே கேளுங்கள். ஒலியில் ஒரு விஷயம் போதும், மற்றது பின்னால் வரும்: ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம் அடி பத்தில் ஒரு வினாடி தாமதமாகத்தான் கேட்கும். பெரிய மைதானங்களில் நடுவில் வைக்கும் ஸ்பீக்கர்களைத் தாமதப்படுத்தி ஓட விடுவது இதனால்தான்.

படி 8: வீடியோவும் டிஜிட்டல் அரங்கும்

மென்பொருளிலிருந்து தொடங்காதீர்கள். கியூலேப், ரெசல்யூம், டச்டிசைனர், இஸடோரா, அன்ரியல் என்று பெயர்கள் நிறைய. நீங்கள் பட்டம் வாங்குவதற்குள் பாதி மாறியிருக்கும். முதலில் கேட்க வேண்டியது: இந்தப் படம் ஏன் மேடையில் இருக்கிறது? அது இடமா, நினைவா, இன்னொரு பாத்திரமா? பதில் இல்லையென்றால் எடுத்துவிடலாம். அசையும் படம் எப்போதும் நடிகரிடமிருந்து கண்ணைப் பிடுங்கிக்கொள்ளும்.

அப்புறம் இயற்பியல். ப்ரொஜெக்டரின் த்ரோ ரேஷியோ (திரைக்குள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்த எண்) 1.5 என்றால், 4 மீட்டர் அகலப் படத்துக்கு 6 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அந்த 6 மீட்டருக்குள் நடிகர் நிழல் விழுமா என்று செக்ஷன் படத்தில் கோடு போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தை லூமெனில் அளப்பார்கள்; 10,000 லூமென் ப்ரொஜெக்டரை 4 × 3 மீட்டர் பரப்பில் அடித்தால் சதுர மீட்டருக்கு 800 லூமெனுக்கும் சற்று மேல். அகலத்தையும் உயரத்தையும் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். ப்ரொஜெக்டர் காட்டும் கறுப்பு உண்மையான கறுப்பில்லை, மங்கிய சாம்பல் என்பதையும் நினைவில் வையுங்கள். இருட்டு வேண்டுமென்றால் அதன் முன்னால் மூடி ஒன்று வேண்டும்.

நேரடிக் கேமரா வைத்தால் தாமதம் வரும். வினாடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேம் 40 மில்லிவினாடி. கேமரா, ஸ்விட்சர் (எந்தக் கேமராவின் படம் போக வேண்டும் என்று மாற்றும் கருவி), திரை என்று ஒவ்வொன்றும் ஒரு பிரேம் தின்றாலே 120 மில்லிவினாடி ஆகிவிடும். பாடகரின் உதடும் குரலும் பிரிவது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். இதை ஒத்திகை அறையில் முதல் நாளே சோதியுங்கள்.

விஆர் (கண்ணில் கருவி மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் உலகம்) மாதிரி வடிவங்களில் மோசமான இருக்கை என்ற ஒன்றே கிடையாது. பார்ப்பவர் எந்தப் பக்கமும் திரும்புவார். அங்கே கண்ணை அழைத்துப் போவது ஒலியும் ஒளியும்தான். படி 6-இல் டார்ச் விளக்கோடு கற்றது அங்கும் அப்படியே செல்லும். இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு அறை செய்து, ஒரே விளக்கை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்.

படி 9: நேரலை நிகழ்ச்சியில் எடையும் பாதுகாப்பும்

இசை நிகழ்ச்சியில் பல நேரம் ஒரு ராத்திரியில் கட்டி, மறுநாள் ராத்திரியே பிரிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு யோசனைக்கும் கூடவே ஒரு கணக்கு. எல்இடி பலகை ஒன்று 50 × 50 செ.மீ. 8 × 4.5 மீட்டர் திரை வேண்டுமென்றால் அகலத்தில் 16, உயரத்தில் 9, ஆக 144 பலகைகள். ஒன்று 8 கிலோ என்று வைத்தால் 1,152 கிலோ, அதுவும் கம்பிகளும் கொக்கிகளும் சேராமல். 3.9 மி.மீ. பிக்சல் இடைவெளியுள்ள பலகை ஒவ்வொன்றிலும் 128 × 128 புள்ளிகள். முழுத்திரை 2048 × 1152. அனிமேஷன் செய்பவருக்கு நீங்கள் தர வேண்டிய எண் அதுதான்.

அந்த எடை எதில் தொங்கும், அந்த ட்ரஸ் (விளக்கும் திரையும் தொங்கவிடும் உலோகச் சட்டம்) தாங்குமா என்பதைத் தகுதி பெற்ற ரிக்கர், அதாவது எடை தொங்கவிடும் நிபுணர், சொல்ல வேண்டும். நீங்கள் ஊகிக்கக் கூடாது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்வாய் அரங்கில் ஒரு மேடை விளக்கின் பொறி திரைத்துணியில் பற்றியது. தீத்தடுப்புத் திரை இறங்கும் வழியில் சிக்கிக்கொண்டது, வெளியேறும் கதவுகள் பல திறக்கவில்லை. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். இன்று திரைத்துணியில் தீயைத் தாங்கும் கலவை கேட்பதும், வழியை மறைத்து எதையும் வைக்கக் கூடாது என்பதும் அலுவலகக் கெடுபிடி இல்லை. உங்கள் வரைபடத்தில் வெளியேறும் வழிகளை முதல் கோடாகப் போடுங்கள்.

படி 10: தொழில்நுட்ப ஒத்திகை

எல்லாரும் களைத்துப்போகும் நாட்கள் இவை. அரங்கின் நடுவில் மேசை போட்டு உட்காருவீர்கள், காதில் ஹெட்செட். ஸ்டேஜ் மேனேஜர் "ஸ்டாண்ட்பை க்யூ 24" என்பார், அதாவது 24-ஆம் மாற்றத்துக்குத் தயாராகுங்கள். பிறகு "கோ". அந்த ஒரு சொல்லுக்குத்தான் விளக்கு மாறும், படம் ஓடும், பாட்டு தொடங்கும். அதனால் ஹெட்செட்டில் வேறு எந்தப் பேச்சிலும் அந்தச் சொல்லை உச்சரிக்கக் கூடாது. 24-க்கும் 25-க்கும் நடுவில் புதிதாக ஒன்று தேவைப்பட்டால் 24.5 என்று போடுங்கள். எண்களை மாற்றி எல்லாருடைய தாளையும் குழப்பாதீர்கள்.

இயக்குநர் "கொஞ்சம் சோகமாக இருக்கட்டும்" என்பார். உடனே நிறத்தை நீலமாக்கிவிடாதீர்கள். முதலில் நேரத்தை மாற்றிப் பாருங்கள்: 3 வினாடியை 8 ஆக்குங்கள், அல்லது க்யூவை வசனத்துக்கு முன்னால் இல்லாமல் வசனம் முடிந்து ஒரு மூச்சு விட்டு வையுங்கள். பெரும்பாலும் அவர் கேட்டது அதுவாகத்தான் இருக்கும்.

ஒத்திகை முடிந்ததும் குறிப்புகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், வாதாடாதீர்கள். நள்ளிரவில் யாரும் நல்ல முடிவு எடுப்பதில்லை.

படி 11: பிரிக்கும் முன்

நிகழ்ச்சி முடிந்த இரவே செட்டைப் பிரித்துவிடுவார்கள். அதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். வெற்று மேடையை இல்லை, நடிகர் நிற்கும்போது, நிஜ ஒளியில், பார்வையாளர் இருக்கையிலிருந்து. ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் முன் ஒன்று, பின் ஒன்று. முடிந்தால் ஒரு மாற்றத்தையாவது தொடக்கம் முதல் முடிவு வரை வீடியோவாக எடுங்கள்.

அந்தப் படங்களுக்குக் கீழே இயக்குநர், ஒளி, உடை, கட்டியவர்கள் என எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள். முதல் வேலை பெரும்பாலும் இன்னொரு வடிவமைப்பாளருக்கு உதவியாளராகத்தான் கிடைக்கும், அதுவும் உங்களோடு வேலை செய்த ஒருவர் சொல்லித்தான். அங்கே முதலில் கையில் கொடுப்பது அநேகமாக 1:25 மாடலாக இருக்கும். கறுப்புப் பெட்டி, அதற்குள் 6.6 செ.மீ. உயரத்தில் ஒரு வெள்ளை மனிதர்.